செவ்வாய்க்கிழமை ஒன்றரை மணி நேரம்

நான் வெறும் அரிசியை மெல்லுகிறேன் என்பதை முதலில் கண்டுபிடித்தவள், அப்போது இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகள். 2023ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு மாலை, உலை வைப்பதற்கு அரிசி அளந்துகொண்டிருந்தபோது கை தானாக ஒரு பிடியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டதையும், அதை முறுக்கு கடிப்பதைப் போல நான் சத்தத்தோடு கடித்துத் தின்றதையும் பார்த்துவிட்டு, "அப்பத்தா, அம்மா தெனமும் அரிசி திங்குது" என்று ஆசாரத்தில் (முன்கூடத்தில்) உட்கார்ந்திருந்த என் மாமியாரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். "அரிசி தின்னாக் கலியாணத்துல மழை வரும்னு சொல்லுவாங்க, உங்கம்மாளுக்குத்தான் கலியாணமாகிப் பன்னண்டு வருசமாச்சே, தின்னுட்டுப் போறா" என்றார் அத்தை. எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். அது நோயின் அடையாளம் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

சோமனூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில் உள்ள எங்கள் ஊரில், வீட்டை ஒட்டித் தறிக்குடோன் இருப்பது வீட்டுக்கு முன்னால் திண்ணை இருப்பதைப் போல இயல்பானது. எங்களுடையது எட்டுத் தறி. பாவும் ஊடை நூலும் ஜவுளிக்காரர் கொடுப்பார். நாங்கள் கூலிக்கு நெய்து துணியாகத் திருப்பிக் கொடுக்கிறோம். என் கணவரும் ஓர் ஆளும் தறி ஓட்டுவார்கள். தார் (ஊடை நூல் சுற்றிய குச்சி) போட்டுக் கொடுப்பது, அறுந்த நூலைப் பிணைப்பது, அவர் துணி கொண்டுபோகும் நாளில் தறியைப் பார்த்துக்கொள்வது எல்லாம் என் பங்கு. இவை தவிர ஒரு கறவை மாடு, இரண்டு குழந்தைகள், முழங்கால் வலியுள்ள மாமியார். காலை ஆறரைக்குள் பால் சொசைட்டிக்குப் போயாக வேண்டும், எட்டேகாலுக்கு மகனுக்குப் பேருந்து, பதினொரு மணிக்குத் தறிக்குடோனுக்கு டீ, மாலை மறுபடியும் பால் என்று அந்த வீட்டில் மாட்டுக்குக்கூட ஒரு நேரம் இருந்தது. என் குளியலுக்கும் என் சாப்பாட்டுக்கும்தான் நேரம் என்று ஒன்று கிடையாது. எல்லாம் முடிந்த பிறகு என்பதுதான் அவற்றுக்குரிய நேரம், அப்படி எல்லாம் முடிகிற நாள் வருவதில்லை.

ஆடி பிறந்த பிறகு ஒருநாள் தார்க் கூடையைத் தூக்கியவள், கண் இருட்டிக்கொண்டு வந்து சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன். தறிச் சத்தத்தில் கூப்பிட்டாலும் கேட்காது. ஆறாவது தறியில் தார் தீர்ந்து துணி நின்றபோதுதான் அவர் திரும்பிப் பார்த்தார். முதலில் போன ஒரு தனியார் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, ஒரு டானிக் எழுதிக் கொடுத்து, "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ரத்தப் பரிசோதனை எதுவும் எழுதவில்லை. ஓய்வு எடுக்கச் சொல்கிறவர்கள் அதை எந்தக் கடையில் வாங்குவது என்றும் எழுதிக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று எரிச்சலோடு நினைத்துக்கொண்டு வீடு திரும்பியது நினைவிருக்கிறது.

பத்து நாள் கழித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோதுதான், அங்கிருந்த செவிலியர் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்: "அரிசி, சிலேட்டுக்குச்சி, ஐஸ் கட்டி, இப்படி எதையாச்சும் திங்கோணும்னு தோணுதுங்களா?" எனக்கு வெட்கமாகிவிட்டது. உடம்பில் இரும்புச் சத்து குறைந்தால் இப்படிப்பட்ட ஆசைகள் வரும் என்று அவர் விளக்கினார். ஹீமோகுளோபின் 8.2 இருந்தது. கருவுறாத பெண்ணுக்கு அது 12க்குக் குறைந்தாலே ரத்தசோகைதான் என்பது உலகச் சுகாதார அமைப்பின் அளவு. நான் மட்டும் விதிவிலக்கு அல்ல. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. எங்கள் வீதியில் மாலையில் திண்ணையில் உட்காரும் பெண்களை எண்ணிப் பார்த்தால், அதில் பாதிப் பேர் என்று பொருள். "எனக்கு எப்பவும் அசதிதான்" என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது ஏன் குசலம் விசாரிப்பதைப் போல ஆகிவிட்டது என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

இரண்டு காரணங்களை மருத்துவர் சொன்னார். மாதவிலக்கின்போது எட்டு ஒன்பது நாள்கள் ரத்தப்போக்கு இருப்பது இயல்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்கேன் எடுத்ததில் கருப்பையில் ஒரு சிறு நார்க்கட்டி தெரிந்து, அதற்குத் தனியாக மருந்து எடுத்துக்கொண்டேன். இன்னொரு காரணம் சாப்பாடு. காலையில் எல்லோருக்கும் தோசை ஊற்றி முடிக்கும்போது பத்து மணி ஆகிவிடும், பசி செத்திருக்கும், ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டுத் தறிக்குப் போய்விடுவேன்.

மாத்திரையில் நான் செய்த தவறை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதே தவறை இங்கே பலரும் செய்கிறார்கள். இரும்புச் சத்து மாத்திரையைப் பதினொரு மணி டீயோடு விழுங்கிவந்தேன். அந்த ஒரு நேரம்தான் எனக்குத் தவறாமல் நினைவிருக்கும் நேரம். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் 8.2 என்பது 8.7 ஆகியிருந்தது, அவ்வளவுதான். டீயும் காப்பியும் இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும், பாலும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் அப்படித்தான் என்றும், மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இவை எதுவும் கூடாது என்றும், எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு போட்டால் நன்றாகச் சேரும் என்றும் செவிலியர் சொன்னார். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்திவிட வேண்டாம் என்பதையும் சொன்னார். நான் அப்படி நிறுத்திய ஒரு வாரமும் இருந்தது. மாத்திரையைப் பால் சொசைட்டியிலிருந்து திரும்பி வந்த கையோடு, அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னால் என்று மாற்றிக்கொண்டேன். அடுத்த மூன்று மாதத்தில் 11.4க்கு வந்தது. அளவு சரியான பிறகும் மருத்துவர் சொன்னபடி மேலும் மூன்று மாதம் தொடர்ந்தேன். முருங்கைக்கீரை, கம்பங்கூழ், கொள்ளு, எள்ளுருண்டை எல்லாம் நல்லவைதான். ஆனால் இவ்வளவு இறங்கிய ரத்தம் கீரையால் மட்டும் ஏறிவிடும் என்று நம்பி மாத்திரையைத் தள்ளிப்போடுவது கூடாது.

மாத்திரை போட ஒரு நிமிடம் போதும். நேரத்துக்குச் சாப்பிட, குளிக்க, உட்கார எங்கே போவது? கூலி நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு வாரம் நான் செய்வதையெல்லாம் மணி போட்டு எழுதிவைத்தேன். வீட்டு வேலை மட்டும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஐந்தே முக்கால் மணி நேரம் வந்தது. மாடும் தறியும் அதில் சேராது. மைய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடமும், ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுகிறார்கள் என்று இருப்பதைப் பின்னர் அறிந்தபோது எனக்கு வியப்பு வரவில்லை. என் நோட்டில் வியப்பாக இருந்தது வேறு ஒன்று. ஒரு வாரத்தில், யாரும் கூப்பிடாமல் தொடர்ச்சியாக எனக்குக் கிடைத்த அதிகபட்ச நேரம் 22 நிமிடம், அதுவும் வியாழக்கிழமை கரண்ட் நின்று தறி ஓடாதபோது கிடைத்தது. சும்மா இருந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் வந்தது. ஆனால் அது நான்கு நிமிடமும் ஆறு நிமிடமுமாகச் சில்லறையாகக் கிடந்தது. சில்லறையை நோட்டாக மாற்றினால்தான் அதைக்கொண்டு எதையாவது வாங்க முடியும்.

அந்த நோட்டை என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். முதலில் "நானென்ன சும்மாவா உக்காந்திருக்கறேன்" என்று கோபப்பட்டார். அவரும் சும்மா இருப்பவர் அல்ல என்பது உண்மைதான். வழி காட்டியது, நான் எதிர்பாராத விதமாக, அத்தைதான். "எங்க காலத்துல செவ்வாயும் வெள்ளியும் தலைக்கு எண்ணெ வெச்சுட்டா, அந்தப் பொழுதுக்கு எந்த மாமியாளும் மருமவள வேலைக்குக் கூப்புட மாட்டா கண்ணு" என்றார். குத்தலாகச் சொன்னாரா, ஆதங்கமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யோசித்துப் பார்த்தால், எண்ணெய் ஊற வேண்டும், வெந்நீர் காய வேண்டும், அரப்புப் போட்டு அலச வேண்டும், தலை காய வேண்டும் என்று ஒன்றரை இரண்டு மணி நேரத்தை ஒரு பெண்ணுக்கு ஒதுக்கிக் கொடுத்து, அதை யாரும் கேள்வி கேட்காதபடி வழக்கமாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள். காட்டு வேலைக்குக் கூலிக்குப் போன பெண்களுக்கு அந்த இரண்டு மணி நேரம் கிடைத்திருக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் தலைமுறையில் ஷாம்பூ பாக்கெட் வந்து வேலையை ஐந்து நிமிடத்தில் முடித்தது. மிச்சமான நேரம் எங்களுக்கு வரவில்லை, வேறு வேலைக்குப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை பூசை, வாசல் கழுவுவது என்று நெருக்கடியாக இருக்கும். ஆகவே செவ்வாயைத் தேர்ந்தெடுத்தேன். துணி கொண்டுபோவது திங்கட்கிழமை, எனவே செவ்வாய் காலையில் அவர் தறியிலேயே இருப்பார், குழந்தைகள் பள்ளிக்குப் போயிருப்பார்கள். ஒன்பதரை முதல் பதினொன்று வரை என் நேரம் என்று, பால் சொசைட்டி அட்டை மாட்டியிருக்கும் ஆணியிலேயே ஒரு தாளில் எழுதி மாட்டினேன். செக்கு நல்லெண்ணெயில் நான்கு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டுக் காய்ச்சி, சூடு தணிந்ததும் உச்சியில் வைத்துத் தேய்ப்பேன். காது மடலுக்குப் பின்னாலும் பாதத்திலும் தேய்க்க வேண்டும் என்று அத்தை சொல்வார். பிறகு பொடக்காணியில் (வீட்டுக்குப் பின்னால் குளிக்கும் இடத்தில்) கல்லின்மேல் உட்கார்ந்து, அரப்புத்தூளை வடிகஞ்சியில் குழைத்துத் தலையில் அப்பினால், உசிலை இலையின் அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறும். கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது, எனவே கண்ணை மூடியே இருக்க வேண்டும். முதல் வாரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறியில் எது ஓடுகிறது எது நின்றிருக்கிறது என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். மூன்றாவது தறி நின்றது, எழுந்துபோகக் கால் பரபரத்தது, தலையெல்லாம் அரப்பு. சிறிது நேரத்தில் அது தானாக ஓடத் தொடங்கியது. எண்ணெய்க் குளியல் ரத்தத்தை ஏற்றாது, அதைச் செய்தது மாத்திரைதான். ஆனால் நான் இல்லாமலும் அறுந்த நூலைப் பிணைக்க முடியும் என்பது எனக்கும் அவருக்கும் தெரியவந்தது அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தபோதுதான்.

வாரத்தில் ஒரு நாள் தேறியது. நாள்தோறும் நேரத்துக்குச் சாப்பிடுவது அதைவிடக் கடினமாக இருந்தது, அதற்கு வேலையைப் பிரித்துக் கொடுத்தாக வேண்டும். முதலில் நான் கொடுத்ததெல்லாம் அரைகுறை வேலைகள். "அந்தக் குக்கரை எறக்குங்க", "டப்பாவ எடுத்துக் குடுங்க" என்று சொல்லிக்கொண்டே நிற்பதற்கு நானே செய்துவிடலாம் என்று தோன்றியது. வேலையைச் செய்வது அவர், அதை நினைவில் வைத்துக்கொள்வது நான் என்றால் என் பாரம் குறையவே இல்லை. ஆகவே செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் மகனுடைய மதியச் சாப்பாடு முழுவதுமாக அவர் பொறுப்பு என்று ஆக்கினோம். பருப்பு தீர்ந்தால் வாங்கி வைப்பதும் குக்கர் கழுவுவதும் அதில் சேர்த்தி. அரிசிம்பருப்புச் சாதத்தைக் கற்றுக்கொடுத்தேன். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு, கை நிறையச் சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுத் தாளித்து, மூன்று விசில் விட்டால் வேலை முடிந்தது. முதல் நாள் தண்ணீர் அதிகமாகிப் பொங்கலைப் போலக் குழைந்துவிட்டது, மகன் பாதியைத் திருப்பிக் கொண்டுவந்தான். கடுகு டப்பா எங்கே என்று மூன்று முறை கேட்டார். ஓடிப்போய் எடுத்துக் கொடுக்காமல் திண்ணையில் உட்கார்ந்து என் தோசையைச் சூடாகச் சாப்பிடுவதற்கு, தார்க் கூடையைத் தூக்குவதைவிட அதிக வலு தேவைப்பட்டது. ஆறாவது வாரம் சாதம் சரியாக வந்தது. இப்போது என்னுடையதில் பூண்டு போதவில்லை என்று குறை சொல்கிறார்.

மகள் விஷயத்தில் எனக்கிருந்த வீம்பையும் சொல்லிவிடுகிறேன். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தபோது, அவள் படிக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கும் வந்தது. பிள்ளைக்கு ஒரு தோசை ஊற்றிக் கொடுக்க முடியாதவளா நான் என்று முதல் மாதம் வீட்டிலேயே ஊட்டி அனுப்பினேன். அவளோ அங்கே தோழிகளோடு மறுபடியும் உட்கார்ந்து கிச்சடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. வீம்பை விட்ட நாள் முதல் காலையில் எனக்கு அரை மணி நேரம் மிச்சம். ஐந்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தாய்மார்கள், அந்த அரை மணி நேரத்தைத் துணி துவைக்கப் பயன்படுத்தாமல் தங்கள் காலைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தால் தனக்கென்று நேரம் கிடைக்கும் என்ற அறிவுரையை நானும் முயன்று பார்த்தேன். ஒன்பது நாள் தாங்கியது, பத்தாவது நாள் பால் கறக்கும்போதே கண் சொக்கியது. தூக்கத்தில் வெட்டி எடுக்கும் நேரத்தை நேரம் என்று கணக்கில் சேர்க்கக் கூடாது. இரவு தறி நின்ற பிறகு பதினொன்றரை வரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு கிடந்ததும் அதே கணக்குதான். யாரும் கூப்பிடாத ஒரே பொழுது அது என்பதால்தான் அதை விட மனம் வரவில்லை. பகலில் கொஞ்சம் நேரம் கிடைத்த பிறகு அந்தப் பழக்கம் பெரிய முயற்சி இல்லாமலே பாதியாகக் குறைந்தது.

நடை மட்டும் இன்னும் ஒழுங்குக்கு வரவில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலகச் சுகாதார அமைப்பு சொல்லும் அளவு. நான் மாரியம்மன் கோயில் வரை போய்த் திரும்பினால் 25 நிமிடம், வாரத்தில் நான்கு நாள் தேறினால் பெரிது. ஐப்பசி மழையில் நின்றுபோனதைத் தை பிறந்துதான் மறுபடி தொடங்கினேன். பக்கத்து வீட்டு அக்காவும் கூட வருகிறார். தைராய்டு மாத்திரையையும் இரும்புச் சத்து மாத்திரையையும் ஒன்றாக, அதுவும் காப்பியோடு போட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்படி நடந்தபோதுதான் தெரிந்தது. இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும், தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும் என்று அவருடைய மருத்துவர் பிறகு சரிசெய்தார். முப்பது வயதைக் கடந்தவர்களுக்கு அரசு மருத்துவமனைகளிலேயே ரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பக, கருப்பைவாய்ப் பரிசோதனைகள் செய்கிறார்கள் என்பதால், அவரையும் அழைத்துக்கொண்டு ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவந்தோம். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை; திரும்பும் வழியில் ஆளுக்கொரு இளநீர் குடித்தோம்.

நோம்பி நொடி என்று பண்டிகை, ஒரம்பரை என்று விருந்தாளிகள், பரீட்சை என்று வரும்போது செவ்வாய்க்கிழமை தவறத்தான் செய்யும். அப்படித் தவறினால் அதே வாரத்தில் இன்னொரு நாளைத் தாளில் எழுதி மாட்டிவிடுகிறேன்; அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு முறை விட்டதில், ஒரு முறை இரண்டு மாதம் போய்விட்டது. "தறிக்காரி வீட்டுலயும் பியூட்டி பார்லர் வெச்சாச்சா" என்று நாத்தனார் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை, சொல்லத் தெரியவும் இல்லை.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் பொடக்காணியில் இருந்தபோது, அவசரமாகப் பாவு பிணைக்க ஆள் வேண்டும் என்று பக்கத்துக் குடோனிலிருந்து யாரோ வந்து என்னைக் கேட்டார்கள். திண்ணையிலிருந்து அத்தையின் குரல் கேட்டது: "அவ எண்ணெ வெச்சிருக்கறாளுங்க. பதனோரு மணிக்கு மேல வாங்க." நான் அரப்பை இன்னும் கொஞ்சம் ஊறவிட்டேன். கடைசியாகப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 12.3 இருந்தது. அடுத்து பார்க்க வேண்டிய தேதியைக் கூலி நோட்டில், பாவு வரும் தேதிக்கு மேலே எழுதி வைத்திருக்கிறேன்.